பன்னிரண்டரை மணிச் சேதி

எல்சீரா: ...நெத்தியில கறுப்பு ஒட்டியிருக்கா, பாத்துச் சொல்லு.

ஹெர்மிந்தா: நெத்தியில இல்ல. காதுல இருக்கு.

எல்சீரா: காதுலயா... துடைச்சு விடு. எச்சி தொட்டுத் துடை.

ஹெர்மிந்தா: போகாது அண்ணி. கப்பல் கக்கூஸ்ல நின்னுக்கிட்டு யாராவது தலைக்குச் சாயம் போடுவாங்களா?

எல்சீரா: கப்பல் ஆடினதுக்கு நான் என்ன பண்றது? வலது பக்கம் பூசுறேன், இடது பக்கம் போய் விழுது.

ஹெர்மிந்தா: அம்பத்திரண்டு வயசுல...

எல்சீரா: அம்பத்தொண்ணு. மே மாசம்தான் அம்பத்திரண்டு.

ஹெர்மிந்தா: சரி, அம்பத்தொண்ணு. அண்ணி... ஒண்ணு சொல்லட்டா? இன்னும் அரை மணி நேரத்துல எதென் வந்துரும். அங்க இறங்கிடலாம்.

எல்சீரா: எதுக்கு?

ஹெர்மிந்தா: மட்டி வாங்க. புகையில காயவச்ச மட்டி. அங்கதான் நல்லா இருக்கும்.

எல்சீரா: மட்டி விக்கிறவங்க படகுல கப்பலுக்கே வருவாங்களே.

ஹெர்மிந்தா: ஊரைச் சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு.

எல்சீரா: ஊராவது. கரையோரம் ஒரு பலகைப் பாதை, அதுல நாலு நாய். அதைப் பாத்துட்டு நிக்கும்போது கப்பல் போயிடுச்சுன்னா? அடுத்த கப்பல் எப்ப?

ஹெர்மிந்தா: ஒரு வாரம்தான். நல்ல காத்து... ஓய்வா இருக்கலாம்.

எல்சீரா: அடியே, இன்னைக்குச் சாயங்காலம் தோர்தெல் துறையில நிப்பேன்னு ஊரறிய ரேடியோவுல சொன்ன மனுஷன் அவரு. நான் இங்க உக்காந்து மட்டி தின்னா, அவரு அங்க ஒரு வாரம் மழையில நிக்கணுமா?

ஹெர்மிந்தா: நிப்பாரு, நிப்பாரு...

எல்சீரா: ஏன் இழுக்கிற? நேத்து விடிகாலை நதாலெஸ்ல ஏறினதுலேர்ந்து பாக்கறேன், மூஞ்சி சரியில்ல உனக்கு. மாத்திரை போட்டியா?

ஹெர்மிந்தா: ரெண்டு போட்டேன்.

எல்சீரா: நான் ஒண்ணு போட்டேன். எனக்கு ஆடணும் போல இருக்கு. உனக்கு என்னன்னா...

ஃபிலிதோர்: மன்னிக்கணும். நீங்க அந்த ரேடியோ அக்காதானே?

எல்சீரா: எந்த ரேடியோ அக்கா?

ஃபிலிதோர்: தெரியாத மாதிரி கேக்கறீங்களே. நான் ஃபிலிதோர். கீழ் தளத்துல ஆட்டு லாரி நிக்குதுல்ல, அது என்னோடது. வாடை வந்தா மன்னிச்சிடுங்க.

ஹெர்மிந்தா: வாடை நேத்தே வந்துடுச்சு.

ஃபிலிதோர்: ஜனவரியில ஒரு நாள், ரோட்டுல போறேன். பன்னிரண்டரை மணிச் சேதி ஓடுது. இன்னாருக்குக் குதிரை அனுப்பு, இன்னார் வீட்டுல பொம்பளப் பிள்ளை பொறந்திருக்கு, வழக்கமா வர்றதுதான். திடீர்னு... "நதாலெஸ், எல்சீரா கார்கமோவுக்கு, தோர்தெல்லேர்ந்து ஒலெகாரியோ. தனியா இருந்தது போதும். பிப்ரவரி கடைசிக் கப்பல்ல வா. துறையில நிப்பேன்."

எல்சீரா: ஒரு எழுத்து மாறல பாரு. மனப்பாடம் பண்ணி வச்சிருக்காரு.

ஃபிலிதோர்: நானா? மாகாணமே மனப்பாடம் பண்ணி வச்சிருக்குக்கா. நான் லாரிய ஓரங்கட்டிட்டேன். இருநூறு ஆட்ட வெயில்ல நிக்க வச்சுட்டுச் சிரிச்சேன். என் பொண்டாட்டி வீட்டுல கேட்டுட்டு அழுதாளாம். "பாரு, ஒரு மரவெட்டிக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையே"ன்னு எனக்குத் திட்டு.

எல்சீரா: எனக்குக் கறிக்கடையில விலா எலும்பு சும்மா குடுத்தாங்க தம்பி. சாமியாரு நடுப் பூசையில என்னைப் பாத்துச் சிரிச்சாரு.

ஃபிலிதோர்: அதெல்லாம் கூட விடுங்க. அடுத்த வாரம் வந்துச்சு பாருங்க ரெண்டா...

எல்சீரா: தம்பி, பொரிச்ச ரொட்டி சாப்பிடறீங்களா? இந்தா, எடுத்துக்குங்க. முழுசா வாயில வைங்க. ஆறிட்டா நல்லா இருக்காது.

ஃபிலிதோர்: ம்ம்...

ஹெர்மிந்தா: ரெண்டாவது என்ன?

ஃபிலிதோர்: ம்... ரெண்டாவது... குட்டி. ஆடு குட்டி போட்டுச்சு. லாரியில.

ஹெர்மிந்தா: ஜனவரியிலயா? எந்த ஆடு ஜனவரியில குட்டி போடுது?

ஃபிலிதோர்: அவசரக்கார ஆடு. அக்கா, ரொட்டி பிரமாதம். நான் போய் ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்.

எல்சீரா: நல்ல மனுஷன்.

ஹெர்மிந்தா: புளுகன். இந்தக் கப்பல்ல இன்னும் எத்தனை பேருக்கு உன்னைத் தெரியும் அண்ணி?

எல்சீரா: எல்லாருக்கும்தான். காலையில சூப்பு ஊத்துற பையன் எனக்கு மட்டும் ரெண்டு கரண்டி ஊத்தினான். "தெம்பு வேணும் உங்களுக்கு"ங்கிறான்.

* * *

எல்சீரா: என் மூட்டைய எங்க தூக்கிட்டுப் போற?

ஹெர்மிந்தா: கனம் பாத்தேன்.

எல்சீரா: மாடிப்படி எறங்கியா கனம் பாப்பாங்க?

ஹெர்மிந்தா: படகு வந்திருக்கு அண்ணி. எதென்காரங்க படகு. ரெண்டு பேருக்கு இடம் இருக்காம், கேட்டுட்டேன். வா, சும்மா ஒரு எட்டு...

எல்சீரா: மூட்டைய வை.

ஹெர்மிந்தா: உள்ள என்னதான் இருக்கு? கல்லா?

எல்சீரா: பெரிய பானை. கரண்டி. ரெண்டு தலகாணி. கலஃபாத்தே பழ ஜாம் ஆறு பாட்டில். வை கீழ, உடைஞ்சிடும்.

ஹெர்மிந்தா: ரெண்டு தலகாணியா?

எல்சீரா: மரவெட்டி தனியா இருக்கற வீட்டுல தலகாணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? மூட்டையா இருக்கும். இல்ல, கட்டையா இருக்கும்.

ஹெர்மிந்தா: அண்ணி, யோசிச்சுப் பாரு. அவரு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுற ஆளு. ரெண்டு வருஷம் முன்னால பண்ணைக்கு வேலிக் கம்பம் நட வந்தாரு, எட்டு நாள் உன் சமையல் தின்னாரு, மொத்தம் என்ன பேசினாரு?

எல்சீரா: "உப்பு சரியா இருக்கு"ன்னாரு.

ஹெர்மிந்தா: எட்டு நாளுக்கு.

எல்சீரா: உங்கண்ணன் பேசின பேச்ச பத்தொன்பது வருஷம் கேட்டேன். ஒரு தடவை கூட உப்பைப் பத்திப் பேசல.

ஹெர்மிந்தா: செத்தவனை இழுக்காத.

எல்சீரா: நான் இழுக்கல. நல்ல மனுஷன்தான். பேச்சுதான் ஜாஸ்தி.

ஹெர்மிந்தா: சரி, போன எடத்துல ஒத்து வரலன்னா? திரும்பி வரணும்ல? நீ என்னடான்னா பண்ணையில ஆட்டு மயிர் கத்தரிக்கிற கூட்டத்துச் சமையல் வேலைய மார்சியாலாவுக்குக் குடுத்துட்ட...

எல்சீரா: அவ நல்லா சமைப்பா. கொஞ்சம் காரம் கம்மி.

ஹெர்மிந்தா: வீட்டையும் வாடகைக்கு விட்டுட்ட. திரும்பினா எங்க போவ?

எல்சீரா: அதான் சொல்றேன், திரும்ப முடியாது. என் கட்டில்ல இப்ப மீன் பண்ணைப் பசங்க ரெண்டு பேரு படுத்திருக்கானுங்க. நடுவுல போய்ப் படுக்கச் சொல்றியா?

ஹெர்மிந்தா: சிரிக்காத அண்ணி.

எல்சீரா: நீ சொன்னதும் நினைச்சுப் பாத்தேன். ஒருத்தன் கொஞ்சம் அழகாத்தான் இருக்கான்.

ஹெர்மிந்தா: அண்ணி.

எல்சீரா: சரி, சரி. படகு போயிடுச்சு பாரு. உன் மட்டியும் போச்சு.

ஹெர்மிந்தா: போச்சு... எல்லாம் போச்சு.

எல்சீரா: மட்டிக்கா இவ்வளவு வருத்தம்?

* * *

ஃபிலிதோர்: வாங்க, வெளிய வாங்க. குறுகலான வழி வந்துடுச்சு. கப்பலு இப்ப பாம்பு மாதிரி திரும்பும்.

எல்சீரா: ஐயோ, இவ்வளவு கிட்டயா... கைய நீட்டினா எல பறிக்கலாம் போல இருக்கே.

ஃபிலிதோர்: பறிக்காதீங்க. போன தடவை ஒருத்தன் பறிக்கப் போய்த் தொப்பிய விட்டான். அதோ, பாறை மேல மாதா நிக்கறாங்க. காசு வச்சிருக்கீங்களா? வேண்டிக்கிட்டு வீசணும்.

எல்சீரா: நான் வீசிட்டேன்.

ஃபிலிதோர்: என்ன வேண்டிக்கிட்டீங்க?

எல்சீரா: மழை நிக்கணும்னு. சாயம் கரைஞ்சு கழுத்துல வழியுது.

ஹெர்மிந்தா: மாதாவே, மாதாவே, மாதாவே...

எல்சீரா: ஏய், என்னடி இது, கையுறையும் சேந்து போச்சு.

ஹெர்மிந்தா: போகட்டும்.

எல்சீரா: ஆட்டுத்தோல் கையுறைடி அது. நான் தைச்சுக் குடுத்தது. அப்படி என்ன வேண்டுதல்?

ஹெர்மிந்தா: உனக்காகத்தான்.

எல்சீரா: எனக்கு என்ன குறை?

ஃபிலிதோர்: அக்கா, ஒரு நல்ல சேதி. கேப்டன்கிட்ட சொல்லிட்டேன். தோர்தெல் துறை வரும்போது உங்களுக்காக மூணு தரம் சங்கு ஊதுறாராம்.

ஹெர்மிந்தா: என்னது?

ஃபிலிதோர்: மூணு தரம். அவருக்கும் அந்தச் சேதி தெரியும். சூப்புப் பையன் கித்தார் வச்சிருக்கான், அவன் வாசிக்கிறானாம். சைக்கிள்ல ஊர் சுத்துற ஜெர்மன்காரங்க மூணு பேரு ஏறியிருக்காங்கல்ல, அவங்களுக்கும் சைகையில சொல்லிப் புரிய வச்சுட்டேன். கேமராவ எடுத்து வச்சுட்டாங்க.

ஹெர்மிந்தா: வேண்டாம்னு சொல்லுங்க. சங்கு வேண்டாம். யாரும் ஊத வேண்டாம். அமைதியா இறங்கிக்கிறோம்.

ஃபிலிதோர்: ஏங்க?

ஹெர்மிந்தா: அவரு... அவரு கூச்சக்காரரு. சங்குச் சத்தம் கேட்டா காட்டுக்குள்ள ஓடிடுவாரு.

எல்சீரா: ஓடினா துரத்திப் புடிக்கிறேன். அங்கயும் பலகைப் பாதைதான், அதுல எவ்வளவு தூரம் ஓடிட முடியும்?

* * *

ஃபிலிதோர்: அதோ பாருங்க, மேட்டுல ஏறி நிக்குதே ஒரு பழைய கப்பலு. எத்தனையோ வருஷமா அப்படியே நிக்குது. துருப்பிடிச்சு மேல செடி மொளைச்சுடுச்சு.

ஹெர்மிந்தா: பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. சகுனம் சரியில்ல.

எல்சீரா: ஏன், அதுவும் யாருக்காவது நிப்பேன்னு சொல்லியிருக்கும். மாத்தே டீ குடிக்கிறியா? வெந்நி ஆறப் போகுது.

ஹெர்மிந்தா: வேண்டாம். கப்பல் ஆடுற ஆட்டத்துல மேல கொட்டிடும்.

ஃபிலிதோர்: இன்னும் ஒரு மணி நேரம் அப்படித்தான் இருக்கும். இந்த இடம் மட்டும் வெளிக்கடல் பக்கம் திறந்திருக்கு. அப்புறம் உள்ள போயிட்டா தண்ணி தட்டு மாதிரி இருக்கும். அடுத்து நேரா தோர்தெல்தான்.

ஹெர்மிந்தா: அண்ணே, உங்க லாரி எதுவரைக்கும் போகுது?

ஃபிலிதோர்: கடைசித் துறையில இறங்கிக் கோச்ரேன் வரைக்கும்.

ஹெர்மிந்தா: முன்னால எத்தனை பேரு உக்காரலாம்?

ஃபிலிதோர்: மூணு பேரு. ஏன்?

ஹெர்மிந்தா: சும்மா கேட்டேன்.

எல்சீரா: இவ சும்மா எதுவும் கேக்க மாட்டா தம்பி. என்னடி, வெளுத்துப் போயிட்ட? வாந்தி வருதா? கம்பியப் புடிச்சுக்கிட்டு வெளிப்பக்கம் எட்டி எடு. காத்துக்கு எதிர்ப்பக்கம் போயிடாத.

ஹெர்மிந்தா: வாந்தி இல்ல. அண்ணி...

எல்சீரா: சொல்லு.

ஹெர்மிந்தா: துறையில யாரும் இருக்க மாட்டாங்க.

எல்சீரா: ஏன், மழைங்கிறதாலயா?

ஹெர்மிந்தா: அந்தச் சேதி ஒலெகாரியோ அனுப்பல. நான் எழுதினது. ரேடியோ நிலையத்துல சீட்டு எழுதிக் குடுத்தேன். தோர்தெல்லேர்ந்து ஒரு லாரிக்காரரு கொண்டாந்தாருன்னு சொன்னேன்.

எல்சீரா: எந்த லாரிக்காரரு?

ஃபிலிதோர்: நான் இல்லக்கா.

ஹெர்மிந்தா: யாருமே இல்ல அண்ணி. ஏதாவது சொல்லு. திட்டு. அடிக்கிறதுன்னா அடி.

எல்சீரா: அடிக்க ரெண்டு கையும் வேணும். ஒரு கை கம்பியப் புடிச்சிருக்கு. "தனியா இருந்தது போதும்"னு வந்துச்சே... அது உன் வார்த்தையா?

ஹெர்மிந்தா: ஆமா.

எல்சீரா: நல்லாத்தான் எழுதுற. எதுக்குடி பண்ணின?

ஹெர்மிந்தா: அவரு பண்ணைய விட்டுப் போன அன்னைக்கு, யாரும் சொல்லாமலே நம்ம சமையல்கட்டுக் கதவைச் சரி பண்ணி வச்சுட்டுப் போனாருல்ல? மூடவே மூடாதே, இழுத்து இழுத்துக் கட்டுவோமே, அந்தக் கதவு. அதுக்கப்புறம் நீ அதைத் திறந்து திறந்து மூடின. வெளிய ஒரு வேலையும் இருக்காது. திறப்ப, மூடுவ. சீசன் முடியற வரைக்கும் பாத்தேன். அடுத்த சீசனும் பாத்தேன்.

எல்சீரா: பாத்து வருத்தப்பட்டியாக்கும்.

ஹெர்மிந்தா: எரிச்சலா இருந்துச்சு. குளிர் காத்து முழுக்க உள்ள வந்துச்சு.

ஃபிலிதோர்: ஹா...

ஹெர்மிந்தா: சிரிக்காதீங்க. அண்ணி, உனக்கு ஒரு வாரம் சந்தோஷமா இருக்கும், அப்புறம் மறந்துடுவ, அவ்வளவுதான்னு நினைச்சேன். சத்தியமா. நீ வேலைய விடுவ, வீட்டை விடுவன்னு நினைக்கல. மறுநாள் சொல்லலாம்னு வந்தேன், நீ கண்ணாடி முன்னால நிக்கிற. அப்புறம் சொல்லலாம்னு வந்தேன், மீன் பண்ணைப் பசங்க கட்டிலத் தூக்கிட்டு உள்ள வரானுங்க.

எல்சீரா: அதனால என் கூடவே கப்பல் ஏறிட்ட.

ஹெர்மிந்தா: நீ தனியா அந்தத் துறையில நிக்கக் கூடாதுன்னு. யாருமில்லாத துறையில, மூட்டையோட, ரெண்டு தலகாணியோட... அடிவாங்க ஒரு ஆளாவது பக்கத்துல இருக்கணும்ல?

எல்சீரா: இப்ப என்ன பண்ணலாங்கிற?

ஹெர்மிந்தா: இறங்க வேண்டாம். கடைசித் துறைக்குப் போயிடலாம். இவரு லாரியில மூணு பேருக்கு இடம் இருக்கு. கோச்ரேன்ல எங்க சித்தி மக இருக்கா. நதாலெஸ்ல கேட்டா... ஒலெகாரியோ செத்துட்டாருன்னு சொல்லிடலாம்.

எல்சீரா: கொன்னுடுறியா அவர?

ஹெர்மிந்தா: மரம் விழுந்துடுச்சுன்னு சொல்லலாம். மரவெட்டிதானே, நம்புவாங்க.

எல்சீரா: அதையும் பன்னிரண்டரை மணிக்கு ரேடியோவுல சொல்லுவியா?

ஹெர்மிந்தா: சொல்ல மாட்டேன். இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன்.

எல்சீரா: ஒண்ணு கேக்கறேன். தோர்தெல்ல ரேடியோ இல்லையா?

ஹெர்மிந்தா: இருக்கும். வீட்டுக்கு ஒண்ணு... அண்ணி.

எல்சீரா: என்ன?

ஹெர்மிந்தா: அவரும் கேட்டிருப்பாரா?

எல்சீரா: பன்னிரண்டரைக்கு நாய்கூட காதைத் தூக்கிட்டு உக்காருது. அவரு கேக்காம இருப்பாரா?

ஹெர்மிந்தா: அய்யோ... அவரு பேர்லயே எழுதி, அவரு காதுலயே... நான் அதை நினைக்கவே இல்ல அண்ணி. உனக்கு அனுப்பினது உனக்கு மட்டும்தான் கேக்கும்ங்கிற மாதிரியே...

எல்சீரா: கடுதாசின்னு நினைச்சுட்ட.

ஹெர்மிந்தா: அய்யோ அய்யோ. இப்ப அந்த மனுஷன் என்ன நினைச்சிருப்பாரு? அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லு. இப்ப நெசமாவே வாந்தி வருது.

* * *

ஃபிலிதோர்: அக்கா, முன்பக்கம் வாங்க. தோர்தெல் தெரியுது. எல்லாரும் உங்களுக்கு இடம் விட்டு நிக்கறாங்க.

ஹெர்மிந்தா: போகாத அண்ணி. கெஞ்சிக் கேக்கறேன். உள்ளயே உக்காந்துக்கலாம். போர்வையப் போத்திக்கிட்டுத் தூங்குற மாதிரி...

எல்சீரா: சாயம் போச்சா பாரு.

ஹெர்மிந்தா: சாயமா இப்ப முக்கியம்?

எல்சீரா: காதைப் பாருன்னா.

ஹெர்மிந்தா: இருக்கு. இப்ப ரெண்டு காதுலயும் இருக்கு.

எல்சீரா: இருக்கட்டும். மூட்டைய ஒரு பக்கம் புடி.

ஹெர்மிந்தா: நான் சொன்னது காதுல விழலையா? யாரும் வர மாட்டாங்க. சங்கு வேற ஊதப் போறாங்க. அந்தக் கித்தார்காரன் வேற... அதோ, ஊதிட்டாங்க. முடிஞ்சது. என் கத முடிஞ்சது.

ஃபிலிதோர்: ரெண்டாவது... மூணாவது. ஆகா, மலையெல்லாம் திருப்பிச் சொல்லுது கேளுங்க.

ஹெர்மிந்தா: அண்ணே, துறையில யாராவது இருக்காங்களா? என்னால கண்ணத் திறக்க முடியல.

ஃபிலிதோர்: இருக்காங்க. கயிறு புடிக்கிறவன் ஒருத்தன். ரெண்டு நாய்.

ஹெர்மிந்தா: அவ்வளவுதானா?

ஃபிலிதோர்: இருங்க. சரிவு ஓரத்துல ஒரு ஆளு நிக்கறாரு. பெரிய ஆளு. வெள்ளைச் சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருக்காரு. மழையில நனைஞ்சு... இப்ப தொப்பியக் கழட்டுறாரு.

ஹெர்மிந்தா: யாரையாவது கூப்பிட வந்திருப்பாரு. வேற யாராவது இருக்கும்.

ஃபிலிதோர்: எங்க அக்காவத்தான் பாக்கறாரு.

ஹெர்மிந்தா: ஒலெகாரியோ... அண்ணி, அது ஒலெகாரியோ. எப்படி? நான்தானே எழுதினேன், அவரு எப்படி... அண்ணி, நீ ஏன் ஆச்சரியப்படல?

ஃபிலிதோர்: இப்பவாவது சொல்லிடட்டுமாக்கா? காலையிலேர்ந்து ரொட்டியப் போட்டு வாயடைச்சு வச்சிருக்கீங்க.

எல்சீரா: நானே சொல்லிக்கிறேன். அடியே, நீ புந்தா அரேனாஸ்ல பல்லு புடுங்கிட்டுக் கிடந்த வாரம் இன்னொரு சேதி வந்துச்சு. ஊரே கேட்டுச்சு. நீ திரும்பி வந்தா ஒருத்தரும் மூச்சு விடக் கூடாதுன்னு வீடு வீடாப் போய் நான்தான் கெஞ்சிட்டு வந்தேன். நீயா எப்ப வாயத் திறக்கிறன்னு பாக்கணும்ல? ஒரு மாசம் ஆச்சு உனக்கு. இப்ப அந்தப் பக்கம் புடிச்சுத் தூக்கு, ஜாம் பாட்டில் இருக்கு, அவசரப்படாத, தூக்கிக்கிட்டே கேளு, அப்படியே சொல்றேன்: "எல்சீராவுக்கு, ஒலெகாரியோ. போன வாரம் என் பேர்ல வந்த சேதிய நான் அனுப்பல. ஆனா அதுல தப்பு ஒண்ணும் இல்ல."